நனைந்த செடிக்குத் தண்ணீர்

எங்கள் தெருவுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தை முதன்முதலில் கொண்டுவந்தவள் நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அப்போது எட்டாம் வகுப்பை முடித்து ஒன்பதாவதில் கால் வைத்திருந்தேன். அறிவியல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நீடிக்காமல் போனதற்கு நானோ அறிவியலோ காரணமில்லை. காரணம் என் அம்மா.

அம்மா வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் போட்டிருந்தாள். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துவைகல்லில் தொடங்கி மதில் சுவரில் முடிந்துவிடும். சுரண்டைச் சந்தையில் வாங்கிய கத்தரி நாற்று, சில வரிசை வெண்டை, கயிற்றுப் பந்தலில் புடலை, ஓரமெல்லாம் கேந்திப்பூ. மதிலை ஒட்டி ஒரு பிச்சிக்கொடி. அதன் கம்பை வடகரையில் இருக்கும் தன் பிறந்த வீட்டிலிருந்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து நட்டிருந்தாள்.

கோடை முடிகிற நாட்கள்தான் செடிகளுக்குக் கண்டம். வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். அம்மா தேங்காய் மட்டைகளை வேரைச் சுற்றி அடுக்கினாள். அரிசி கழுவிய தண்ணீரைக் கத்தரிக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். சுருண்டு வளரும் புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். சாயங்காலம் ஆனால் வாளியும் செம்புமாக இறங்கி, ஒவ்வொரு தூராகத் தண்ணீர் விட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த வெயிலிலும் ஒரு செடியைக்கூட அவள் சாக விடவில்லை. 

ஆனி பிறந்ததும் காற்று திரும்பியது. மலைப்பக்கம் கறுத்து, சாரல் விழ ஆரம்பித்தது. சாரல் விழுந்தால் எங்கள் வீட்டில் அடுத்து நடப்பது ஒன்றுதான். அப்பா போனை எடுத்துவிடுவார்.

“சாரல் விழுந்துட்டு. அருவியில தண்ணி நல்லா கொட்டுது. வீடு எதுக்கு இருக்கு? எல்லாரும் வாங்க.”

கூப்பிடுவது அவர் வேலை. சமைப்பது யார் வேலை என்று அவர் போனில் சொல்வதில்லை. எல்லாரும் வந்தார்கள். சென்னையிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அண்ணன்மார் இருவர், பெரியண்ணனின் மனைவி, அவளுடைய தம்பி. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தோசைக்கல் ஆறவே இல்லை. வீட்டில் கயிறு கட்ட இடமிருந்த இடத்திலெல்லாம் ஈரத்துண்டு தொங்கியது. காபி முடிந்தால் பலகாரம், பலகாரம் முடிந்தால் சாப்பாடு. நடுவில் “கொஞ்சம் சுக்கு வெந்நீர் கிடைக்குமா” என்று ஒரு குரல்.

இதற்கெல்லாம் நடுவே, மணி ஐந்தானதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “செடிக்குத் தண்ணி விட்டுட்டு வந்துருதேன்” என்பாள். யாரும் மறுத்ததில்லை. மத்தியானக் கூட்டுக்குப் புடலங்காயும் பெரியம்மாவின் தலைக்குப் பிச்சிப்பூவும் அங்கிருந்துதானே வந்தன.

ஒருநாள் நான் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அம்மா தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கவில்லை. நிரம்பிய வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, துவைகல்லில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பிச்சிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பாவம், தண்ணீர் சுமந்து சுமந்து அம்மா ஓய்ந்துபோய்விட்டாள். இந்த வேலையிலிருந்து அவளை விடுவித்தே தீர்வது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

மறுநாள் பகல் முழுக்கச் சாரல். ஐந்து மணிக்கு அம்மா வழக்கம்போல வாளியைத் தூக்கினாள்.

“மழை பெய்யுதும்மா. இன்னைக்குத் தண்ணி எதுக்கு?”

“சாரல் மேலாக்கத்தான் நனைக்கும். வேருக்குப் போகாது.”

சொன்னால் நம்பிவிட நான் என்ன சின்னப் பிள்ளையா? கரண்டியை எடுத்துக்கொண்டு போய், கத்தரித் தூருக்குப் பக்கத்தில் தோண்டிக் காட்டினேன். அடிமண் வரை ஈரம் கசிந்தது. அம்மா குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, “உள்ள போ, சளி பிடிக்கும்” என்றாள்.

அறிவியலைக் காலால் மூடிவிட முடியாது. விருந்தாளிகள் குடித்துப் போட்ட பெரிய கலர் பாட்டில்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தேன். ஊசியைச் சூடாக்கி மூடியில் ஓட்டை போட்டு, அதில் விளக்குத் திரியைச் செருகி, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு தூரிலும் தலைகீழாக நட்டுவைத்தேன். சொட்டுச் சொட்டாக வேருக்கே தண்ணீர் போனது. சாரல் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன, இனி யாரும் வாளி தூக்க வேண்டியதில்லை.

பெரியப்பா அசந்துபோனார். பாட்டில்களுக்கு நடுவே என்னை நிறுத்திப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘நம்ம வீட்டு விஞ்ஞானி’ என்று போட்டார். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. பெரியம்மா அம்மாவின் தோளைத் தட்டினாள்.

“உனக்கு ஒரு வேலை மிச்சம் பாரு. இனிமே அஞ்சு மணிக்கு வாழைக்கா பஜ்ஜி போட்டா, எல்லாரும் சூடா சாப்பிடலாம்.”

அம்மா என்னைத்தான் பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

அன்றிலிருந்து ஐந்து மணிக்குப் பஜ்ஜி வந்தது. முதல்நாள் வாழைக்காய், அடுத்து வெங்காயம், பிறகு என் தோட்டத்துக் கத்தரிக்காய். ஆமாம், அப்போது அதை என் தோட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்புக்கு முன்னாலேயே நின்றாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் என்மேல் எரிந்து விழுந்தாள். ஏட்டி, செருப்பை ஏன் இங்கன போட்டே. ஏட்டி, தலையை ஏன் இன்னும் பின்னல. நன்றி சொல்ல வேண்டியவள் திட்டுகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு செய்தும் பெற்ற தாயிடம் நல்ல பெயர் இல்லை.

பெரியப்பா குடும்பம் கிளம்புகிற நாளுக்கு முந்தின மாலை, அவர்கள் கடைசியாக ஒருமுறை அருவிக்குப் புறப்பட்டார்கள். அம்மா வாசல்வரை வந்தாள். 

“அக்கா, சென்னைக்கு அருவித் தண்ணி கொண்டுட்டுப் போகலியா? மூலிகைத் தண்ணில்லா. மேலுக்கு நல்லது.”

“கொண்டு போகலாம்தான். பிடிக்கறதுக்கு எதுவும் இல்லையே.”

“பாட்டிலு இருக்கு” என்றாள் அம்மா.

டியூஷன் முடிந்து நான் வீடு திரும்பியபோது தோட்டம் மொட்டையாகக் கிடந்தது. பாட்டில்களைப் பிடுங்கிய இடத்தையெல்லாம் மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தியிருந்தது. என் பாட்டில்கள் கார் டிக்கிக்குள் அருவித் தண்ணீரோடு வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, வழித்து, அழகாக அடைத்திருந்தது. அத்தனை வேலைக்கு நடுவே அம்மாவுக்கு இதற்கு எங்கே நேரம் கிடைத்தது என்று வியந்தேன்.

“உனக்குன்னு ஒண்ணு செஞ்சா இப்படித்தான் தூக்கிக் கொடுப்பியா?” என்று கத்தினேன்.

“சொந்தக்காரங்க கேட்டா இல்லைன்னா சொல்ல முடியும்?” என்றாள் அம்மா. யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். ஆனால் பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் என் தலையை இழுத்துப் பிடித்துப் பின்னிவிட்டு, பிச்சியும் வைத்துவிட்டாள். 

பெரியப்பாவின் கார் தெருவைத் தாண்டிய அன்று மத்தியானமே மதுரையிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அத்தை அப்பாவின் தங்கை. அவளுக்கு மதுரையில் பெரிய கூட்டுக் குடும்பம். மாமா, மாமாவின் அம்மா, கொழுந்தன் பிள்ளைகள் என்று முழு வேன் நிறைய ஆட்கள். அப்பா வாசலில் நின்று, “வாங்க, வாங்க” என்றார்.

ஐந்து மணி. சாரல் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. அம்மா வாளியைத் தூக்கினாள்.

“செடிக்குத் தண்ணி விட்டுட்டு வந்துருதேன்.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் அம்மா புருவத்தைத் தூக்கினார். “மழை பெய்யுறப்ப செடிக்கு என்னம்மா தண்ணி?”

அம்மா அதற்குள் பின்வாசலைத் தாண்டியிருந்தாள். பதில் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மண்ணின் ஈரம், வேரின் ஆழம், திரி தண்ணீரை இழுக்கும் விதம், என் பாட்டில்கள் சென்னை போன கதை, எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, “அம்மாவுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது” என்று முடித்தேன். மாமாவின் அம்மா தலையாட்டினார். எல்லோரும் குடித்த காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை, பின்வாசல் வழியாக வெளியே பார்த்தாள். அம்மா துவைகல்லில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். அத்தை கையிலிருந்த டம்ளரைக் கழுவாமலே வைத்துவிட்டு, ஒரு செம்பை எடுத்தாள்.

“மதினி ஒத்தையில கஷ்டப்படுதாக. நானும் கூட ஒரு கை கொடுத்துட்டு வாரேன்.”

அத்தை பக்கத்தில் போனதும் அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு நகர்ந்து கல்லில் பாதி இடம் விட்டாள். அத்தையும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வாளியை இருவருமே தொடவில்லை. ஒருத்திக்கே வேலையில்லாத இடத்தில் இரண்டு பேருக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. அறிவியல் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை.

உள்ளேயிருந்து மாமாவின் அம்மா, “எங்கே போனா அவ?” என்று அத்தையைத் தேடும் குரல் கேட்டது. சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரமாகிறதே என்ற எரிச்சலில் நான் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அந்த சீசன் முழுவதிலும் அம்மாவுக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.