கதவுக்குப் பின்னால் நின்றவள்

கணக்கு டீச்சருக்கு இடது கை முழுதாக மடங்காது. கல்யாணமான மூன்றாம் வருடம் புருஷன் அதை மாடிப்படிக் கம்பியில் வைத்து முறித்தான். சட்டையில் ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்தது, அதுதான் காரணம். அதற்கு முன்னால் ஒரு பல், பின்னால் ஒரு காது. காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் அந்த மகராசன் ஒருநாளும் சோம்பியதில்லை. ஆறு வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, ஒரு காலையில் சர்டிபிகேட் ஃபைலை எடுத்துக்கொண்டு அவள் பல்கலைக்கழகத்துக்கு ஓடிவந்தாள்.

ஆசிரியர் வேலை தேடுகிறவர்களுக்கு வழிகாட்ட அங்கே ஒரு அறை உண்டு. அதை நடத்திய அம்மாவை எல்லாரும் கேள்வியம்மா என்பார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பழக்கும்போது தன் நாற்காலியை வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு முதுகு காட்டும் எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொள்வார். பயந்து வருகிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் பயம் தெளியும் என்பது அவர் எண்ணம். பொய் சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“ஆறு வருஷம் ஏன் வேலைக்குப் போகல?”

“குடும்பச் சூழ்நிலை, மேடம்.”

“சூழ்நிலை வந்து கையை உடைக்குமா? எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாதம்மா.”

பதினோரு நாள் இதே கேள்வி. ஒவ்வொரு நாளும் அவள் மழுப்பினாள், ஒவ்வொரு நாளும் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள், என் புருஷன் அடித்தான், அதனால் போகவில்லை என்று குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். கேள்வியம்மா பாராட்டவெல்லாம் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு விண்ணப்பம் எடுத்துவரச் சொன்னார். அலமாரி கதவுக்குப் பின்னால் இருந்தது.

அவள் அங்கே போய் நின்ற நேரத்தில் கதவு படாரென்று திறந்து அவளைச் சுவரோடு மறைத்தது. வந்தவன் புருஷன். கையில் இரும்புக் கம்பி. நாற்காலியில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்ததும், தன் மனைவிதான் என்று ஓங்கி அடித்தான். தோள் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. மேசைக் கண்ணாடி சிதறிக் கதவுக்கு அடியில் வந்து விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸிடம்கூட வராந்தாவில் நின்றதாகத்தான் சொன்னாள். அவன் சிறைக்குப் போனான், அவளுக்கு வேலை கிடைத்தது. ஆனால் வகுப்பில் யாராவது கதவைச் சத்தமாகச் சாத்தினால் சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து வளாகத்தில் கேள்வியம்மாவுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். ‘எதிர்பாராத விபத்தில் மறைந்த’ என்று பொறித்திருந்தார்கள். நிறுவனத்துக்கு மானம் பெரிதல்லவா, இரும்புக் கம்பி விபத்தாகிவிட்டது. நன்றியை மட்டும் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு இறங்கும்படி பதிவாளர் அவளிடம் சொல்லிவைத்தார். முன்வரிசையில் கேள்வியம்மாவின் மகள் இருந்தாள். ஒரே அடிதான், அம்மாவுக்கு வலியே தெரிந்திருக்காது என்று அந்தப் பெண்ணிடம் எல்லாரும் சொல்லிவைத்திருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த மகள் முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இந்தக் கல்லைப் போலவே தானும் பொய். டீச்சர் மைக்கைப் பிடித்தாள். பதிவாளரைப் பார்க்கவில்லை.

“இது விபத்து இல்ல. அடிச்சது என் புருஷன். நான் வராந்தாவுல இல்ல, கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். ஆள் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சதும், என் பொண்டாட்டி எங்கடின்னு கேட்டான். மேடம் கீழ கிடந்தாங்க. கதவுக்கு அடியில என் கால் தெரிஞ்சுது, அதப் பாத்தாங்க. பாத்துட்டு, அவ இன்னைக்கு வரலன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் ரெண்டாவது அடி விழுந்துச்சு. தலையில. நான் வெளிய வரல, கத்தல.”

மகள் எழுந்து விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள். டீச்சர் பழக்கத்தில் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அடி விழவில்லை.

“எங்கம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல,” என்றாள் மகள். “என்ன சொன்னாங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.”