ஜோசலினின் இரண்டாம் சனிக்கிழமைகள்

1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தபோது ஜோசலினுக்கு வயது இருபத்து நான்கு. அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸிலும் லாரியிலுமாகப் பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு வெளியே கூடாரத்தில் பதினெட்டு நாள் கிடந்து, கடைசியில் விமானம் கிடைத்து ஊர் வந்து சேர்ந்தார். வெயிலையும் தாகத்தையும் கூடப் பொறுத்துக்கொண்டார். எதற்காக ஓடுகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

பிறகு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அதிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற மறுமாதமே ‘உலக நடப்பு அரங்கம்’ தொடங்கிவிட்டார். சேலையூரில் ஒரு வாசகசாலையின் மாடி, அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் மாலை ஐந்து மணி. ஓய்வு பெற்ற தூதர்களையும் பேராசிரியர்களையும் தானே போன் செய்து, விடாமல் கெஞ்சி வரவழைப்பார். தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றியுள்ள கடைகளில் நோட்டீஸ் ஒட்டுவதும் அவரே. கேள்வி நேரத்தில் மட்டும் கறார். ஆளுக்கு ஒரு நிமிடம், சொந்தக் கதை கூடாது. நேரம் முடிந்தால் மேஜை மணியைத் தட்டுவார்.

போன வருடம் வளைகுடாப் பக்கம் ஒரு சரக்குக் கப்பலை அங்குள்ள ஒரு நாட்டின் கடற்படை பிடித்து வைத்திருந்தது. அந்த மாதம் பேச வந்தவர் தசரதன், முன்னாள் தூதர். கடல் பாதைகளைப் பற்றியும் எண்ணெய் அரசியலைப் பற்றியும் வரைபடம் காட்டி அழகாகப் பேசினார். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தாள். பக்கத்தில் அவளுடைய மருமகள்.

“சார், எம்புள்ள தீனா அந்தக் கப்பல்லதான் கீறான். சமையல் வேலை. தீபாவளிக்கு வந்துடுறேன்னு சொல்லிக்கினு போனான் சார். போன்ல பேசி இருவது நாள் ஆவுது. மொத மாசம் எல்லாம் டெய்லி…”

ஜோசலினின் கை பழக்கத்தில் மணியைத் தட்டிவிட்டது. அம்மாள் பேச்சை நிறுத்தி, சட்டென்று உட்கார்ந்தாள். கூட்டம் மொத்தமும் ஜோசலினைத் திரும்பிப் பார்த்தது. அவர் சுதாரித்து, “நீங்க பேசுங்கம்மா” என்பதற்குள் இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

வருகைப் பதிவேட்டில் மருமகள் வினிதா எழுதியிருந்த நம்பருக்கு மறுநாள் காலையில் போன் செய்தார். வண்டலூரைத் தாண்டி மண்ணிவாக்கத்தில் அவர்கள் வீடு. தேடிப் போனபோது அந்த அம்மாள், பச்சையம்மா, வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து நான் மணி அடிச்சது பெரிய தப்பு, பச்சையம்மா. என்னை மன்னிச்சிடுங்க.”

“பெல் அட்சா உக்காரணும் போலன்னு நெனச்சிக்கினேன் மேடம்.” அவள் குரலில் கோபமே இல்லை. “அந்த சாரு அவ்ளோ நேரம் பேசினாரு. எம்புள்ள பேரு அதுல வரவே இல்லியே.”

 ஒன்பது வருடக் கூட்டங்களில் ஜோசலின் எத்தனையோ போர்களைப் பற்றிப் பேசவைத்திருந்தார். அதில் அகப்பட்ட ஒருவர் எழுந்து நின்றபோது அவர் வாயைத் தானே அடைத்துவிட்டதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அன்றே வினிதாவிடம் கேட்டுக் கேட்டுக் கப்பலில் இருந்த நம் ஊர்க்காரர்கள் பதினொரு பேரின் விவரத்தையும் எழுதிக்கொண்டார். மனுவை டைப் செய்து வெளியுறவு அமைச்சகத்துக்கும் அங்குள்ள நம் தூதரகத்துக்கும் அனுப்பினார். தசரதனையும் போய்ப் பார்த்தார். “ரிட்டயர் ஆகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா, என் பேச்சு எடுபடுமான்னு தெரியல” என்று சொல்லிக்கொண்டே அவரும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கு ஏற்பாடாகியிருந்த பேச்சைத் தள்ளிவைத்து, வினிதாவை மேடை நாற்காலியில் உட்காரவைத்தார். பச்சையம்மா வரவில்லை. வினிதா தலை நிமிராமல் முக்கால் மணி நேரம் பேசினாள். தீனா கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். “குடிக்கிற தண்ணிய அளந்துதான் தராங்க. அம்மாட்ட சொல்லாத.”  முன்வரிசையில் இருந்த தசரதன் எழுந்து, அரசாங்கம் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார்.

“எப்ப வருவாரு சார்?”

“அதை என்னால சொல்ல முடியாதும்மா. சொன்னா பொய்யாயிடும்.”

ஐந்து மாதம் கழித்துப் பதினொரு பேரையும் விட்டார்கள். மனுவால் விட்டார்களா, வேறு எந்தப் பேரத்தாலா, யாருக்கும் தெரியாது. தீனா பாதி உடம்பாக வந்து சேர்ந்தான். ஜோசலின் பார்க்கப் போனபோது கும்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இந்த ஜூனில் வினிதா போன் செய்தாள். “அவரு மறுபடியும் கப்பலுக்குப் போயிட்டாரு மேடம். அதே ரூட்டுதான். அத்தை மூணு நாளா சாப்பிடல.”

 “நான் இப்பவே வரேன் வினிதா” என்று மட்டும் சொல்லி, ஜோசலின் செருப்பை மாட்டிக்கொண்டு மண்ணிவாக்கம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.