கொக்கு போட்ட எருவும் நான் போட்ட எருவும்

எங்கள் ஊர் ஏரியில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறியதும், இடுப்பளவு மூழ்கி நிற்கும் கருவேல மரங்களில் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் வந்து கூடு கட்டும். மாசி வரை ஒரே இரைச்சல். மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடும். அந்த வெள்ளையெல்லாம் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வெளியேறி, முதலில் பாய்வது எங்கள் வயல்களில்.

அதில் ஓர் அரைக்காணியை ஒரு பருவத்துக்கு என்னிடம் விட்டார் நைனா. பட்டணத்தில் தாவரவியல் படித்து மூன்றாம் வகுப்பில் தேறி வந்திருந்தேன். செங்கல்பட்டில் மாமா ஒரு குமாஸ்தா வேலை பார்த்து வைத்திருந்தார். எனக்கோ ஊரை விட்டுப் போக மனமில்லை.

"பக்கத்து வயலுக்குக் கொறையாம நெல்லு எடு, இங்கயே இரு. இல்லாங்காட்டி கெளம்பு" என்றார் நைனா.

புத்தகத்தைப் பிரித்தேன். பயிருக்குத் தழைச்சத்து வேண்டும் என்றிருந்தது. அதை எழுதியவர் எங்கள் ஏரியைப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. கார்த்திகையில் உத்திரமேரூர் போய் ஒரு மூட்டை சீமை உரம் வாங்கி, மாப்பிள்ளை அழைப்புபோல வண்டியில் கொண்டுவந்தேன்.

எங்கள் வயல்களில் பல வருஷமாக நட்டு, களையெடுத்து, அறுத்த ஒரு பெண்மணி அப்போது களையெடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சின்னய்யா அது, சக்கரையா?"

"உரம். பயிருக்கு."

"கொக்குதான் போட்டுக்கினு கீதே! மதகாண்ட கீற கயனிக்கு யாரு எரு போடுவாங்கோ? பயிரு கொழுத்துப் பூடும்."

"அது கொக்கு. இது விஞ்ஞானம்."

"போடுங்கோ, உங்க கயனி. அறுக்கறப்ப மட்டும் என்னைத் திட்டாதீங்கோ."

பயிர் கரும்பச்சையாக மார்பளவு எழுந்தது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வியப்பு என்று எண்ணிக்கொண்டேன். இரக்கம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மார்கழிக் கடைசியில் ஒரே ஒரு மழை. காலையில் போனால் அரைக்காணியும் பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடந்தது. ஒரு கூடை எருவும் காணாத பக்கத்து வயல்கள் தலை நனைந்து நின்றுகொண்டிருந்தன.

நைனா வந்து வரப்பில் நின்றார். சாய்ந்த தாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"வைக்கோலு நல்லா கீது" என்றார். அவ்வளவுதான்.

அறுப்பன்று நானும் அரிவாளோடு இறங்கினேன். சேற்றில் ஒட்டிய தாளைத் தூக்கித் தூக்கி அறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"கதிரு எங்க சின்னய்யா? நானும் தேடிக்கினே வரேன்."

"நீ அன்னிக்கே சொன்னே. நான்தான் கேக்கல."

"வுடுங்கோ. ஆபீசுல கொக்கு கெடையாது, நிம்மதியா எழுதலாம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அறுத்த இடத்தில் நாரைகள் இறங்கி, நாலடி பின்னால் நத்தை பொறுக்கிக்கொண்டே எங்களோடு வந்தன. அந்த வயலில் வயிறு நிறைந்தது அவற்றுக்குத்தான்.

மாசியில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். ஏரிக்கரை வளைவில் கண்டக்டர் இரண்டு தரம் கேட்டும் டிக்கெட் வாங்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. எதிர்க்கிளைக்குப் போய்ச் சேராமல் ஒன்று தண்ணீரில் விழுந்து, இறக்கையால் அடித்து அடித்து, மறுபடி மரமேறிக்கொண்டிருந்தது.