மிஸியின் தலைமேல் அக்காவின் கை

அக்கா பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது அவள் முதுகில் எறிகணைச் செல் துண்டு ஒன்று இருந்தது. 2009இல், வன்னியில், கடைசிச் சண்டையில் பட்டது. மகளையும் அங்கேதான் இழந்தாள். பிள்ளைக்கு ஏழு வயது. செல்லடியில் போய்விட்டாள் என்று தொலைபேசியில் அறிந்தேன். எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் அக்காவுக்கு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அவள் பங்கர் குழிக்குள் கிடந்த மாதங்களில் நான் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், பலசரக்குக் கடையொன்றில் கல்லாவில் நின்றேன். வேலை முடிந்து, சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போவேன், பிறகு வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிடுவேன்.

2012 கோடையில் அந்தப் பழைய காயம் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து துண்டை எடுத்தார்கள். ஆனால் மருந்து கட்ட அக்கா யாரையும் விடவில்லை. முதுகுப் பக்கம் ஆள் வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பிரெஞ்சும் தெரியாது. நான் வேலை முடிந்து களைத்துப் போய் வந்து அவளையே ஏசுவேன்.

"அக்கா, அவையள் உங்களுக்கு நல்லது செய்யத்தானே வருகினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அவள் போர்வையை இழுத்து முதுகை மூடிக்கொள்வாள்.

அந்த வார்டில் குவாதலூப் தீவுக்காரத் தாதி ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். ஊரில் தாதிமாரைக் கூப்பிடும் பழக்கத்தில் அக்கா அவரை மிஸி என்றாள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவர் ஒருபோதும் அக்காவின் முதுகுப் பக்கமாக வந்ததில்லை. முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முதலில் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். பிறகு பஞ்சு, பிறகு மருந்து. அக்கா தலையசைத்தால்தான் எழும்புவார். அசைக்காவிட்டால் போய்விட்டுப் பிறகு வருவார். அக்காவும் மெல்ல மெல்ல அவரிடம் மட்டும் முதுகைக் காட்டத் தொடங்கினாள்.

ஜூலை பதினான்கு வந்தது. பிரெஞ்சுத் தேசிய நாள். எங்கள் கடை அன்றும் திறந்திருந்தது. காலையில் அணிவகுப்புக்கு வந்த போர் விமானங்கள் நகரத்துக்கு மேலே இரைந்துகொண்டு போயின. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சாமான் வாங்க வந்த ஒரு பெண்ணின் குழந்தைக்கு, "அங்கை பார், அங்கை பார்" என்று விரலால் காட்டவும் செய்தேன். அக்காவின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த விமானங்கள் வருவது எனக்குத் தெரியும். முதல் நாளே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அறைக்குள் கட்டில் வெறுமையாக இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில், அக்கா குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் வெள்ளை உடுப்போடு மிஸியும் குப்புறக் கிடந்தார். அக்காவின் ஒரு கை அவர் பிடரியை இறுக்கிப் பொத்தியிருந்தது. அவரைத் தலை தூக்க விடவில்லை. மிஸி என்னைக் கண்டார். பேச வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். நானும் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

விமானங்கள் போய் வெகுநேரமாகிவிட்டது. ஹெலிகொப்டர் ஒன்று மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் அடங்கிய பிறகுதான் அக்கா கையை எடுத்தாள். மிஸி எழும்பவில்லை. கன்னம் தரையில் பட்டபடியே என்னிடம் பிரெஞ்சில் சொன்னார்:

"நான் என்னவென்று பார்க்கக் குனிந்தேன். உங்கள் அக்கா என்னைத் தரைக்கு இழுத்து மூடிவிட்டார். முன்பு யாரை இப்படி மூடினார் என்று கேளுங்கள். விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள்."

மூன்று வருடங்களாக நான் கேட்காத கேள்வி அது.

"அக்கா, முந்தி ஆரை இப்பிடி மூடினனீங்கள் எண்டு மிஸி கேக்கிறா. விருப்பமில்லாட்டிச் சொல்ல வேண்டாமாம்."

"பிள்ளையை எண்டு சொல்லு," என்றாள் அக்கா. "தலையைத்தான் பொத்தினனான். துண்டு வயித்திலை பட்டுட்டுது. அதே செல்தான் எனக்கும்."

வயிறு என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் எனக்கு வரவில்லை. என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். மிஸி அக்காவின் கையை எடுத்து மறுபடி தன் தலைமேல் வைத்துக்கொண்டார். அக்கா அன்றுதான் அழுதாள். பாரிசுக்கு வந்த பிறகு அவள் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் சொந்த அக்காவின் மகள், என் பெறாமகள், எப்படிச் செத்தாள் என்று, ஒரு அந்நியப் பெண்ணுக்கு மொழிபெயர்க்கும்போதுதான் நான் அறிந்தேன்.

காயம் ஆறி அக்கா வீட்டுக்கு வரும் நாளில் வடை சுட்டுக்கொண்டு போனேன். மிஸி நடைபாதையில் நின்றபடியே இரண்டைச் சாப்பிட்டார். நன்றி சொன்னேன். "அன்று அக்கா பக்கத்தில் நான்தான் கிடந்திருக்க வேண்டும்" என்றும் சொன்னேன்.

"உங்களுக்கு வேலை இருந்தது. எனக்கு இதுதான் வேலை," என்றார், கையைத் துடைத்தபடி.

அவர் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் தரையில் கிடப்பது யாருடைய வேலையும் அல்ல என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுத் தன் தீவுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அக்கா இப்போது பாரிசை ஒட்டிய சென் தெனியில் தனி அறை எடுத்து, வீட்டிலிருந்தே சட்டை தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். சந்தை விலை, என் பிள்ளைகளின் படிப்பு என்று நெடுநேரம் கதைப்போம். சிலவேளை தையலை நிறுத்திவிட்டு, நான் எதையோ கேட்கப் போகிறேன் என்பதுபோல் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.