பத்து மூங்கில் முளைகள்

அன்புச்செல்விக்கு இருபத்து மூன்று வயது. திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பறிக்கும் கூலிக் குடும்பம். பள்ளி முடிக்கும் வரை கடற்கரையை இரண்டே முறை பார்த்தவள், கடலோர மேலாண்மையில் முதுகலை படித்தாள். கடலோரப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் ஜூனில் சேர வேலையும் தயார். அதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது ஆய்வேடுதான். மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில், மணலில் பத்து மூங்கில் முளைகளை அடித்திருந்தாள். மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய், முளையிலிருந்து அலை நனைத்த கோடு வரை நாடா பிடித்து அளப்பாள். தூரம் குறைந்தால் கடல் உள்ளே வருகிறது என்று பொருள். முளைகள் நின்ற இடத்தை வேறெதையும் வைத்துக் குறித்துக்கொள்ளவில்லை. அடித்த முளை எங்கே போகப்போகிறது?

எட்டு மாதமாகத் தூரம் மாறவில்லை. கரை நிலையாக இருக்கிறது என்று முடிவுரையே எழுதிவிட்டாள்.

மார்ச் மாதம் போனபோது, கருவாடு காயவைக்கும் அம்சா ஒரு முளையைப் பிடுங்கி நாலு எட்டு மேலே நட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா பண்றீங்க?"

"அல கிட்ட வந்துட்ச்சி கண்ணு. அட்ச்சிக்கினு பூட்டா எங்க தேடுவ? படகு, வல எல்லாத்தயும் மேல ஏத்துறோம். உன் குச்சிய மட்டும் வுட்ருவமா?"

"எத்தினி வாட்டிக்கா நட்டீங்க?"

"மாசாமாசம் தான். நீ ஒரு தேங்க்ஸ் கூட சொல்லல."

அன்புச்செல்வி தேங்க்ஸ் சொன்னாள். நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தாள். அழுகை வரும் என்று பஸ்ஸில் காத்திருந்தாள், வரவில்லை. திண்டிவனம் வந்துவிட்டது.

"எவன் வந்து பாக்கப் போறான்? எழுதிக் குட்த்துட்டு வேலைக்குப் போம்மா," என்றார், வீட்டில் நடந்ததைக் கேட்ட அப்பா அப்பாதுரை. அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் அருணாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"முளையே நகர்ந்திருக்கு, எட்டு மாச அளவும் செல்லாது. மறுபடியும் முதல்லேருந்து அளக்கணும். ஒரு வருஷம் தள்ளும்."

"சரிங்க மேடம்."

வேலை வேறொருவருக்குப் போனது. இரண்டு வரி மின்னஞ்சல்.

ஜூலையில் புதிதாகப் பத்து முளை அடித்தாள். ஒவ்வொன்றின் இடத்தையும் குடிநீர்த் தொட்டியின் தூணிலிருந்து அளந்து குறித்தாள்.

"இந்த வாட்டி தொடாதீங்கக்கா. கடல் எட்த்தா எட்த்துக்கினு போவட்டும்."

"அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத."

அக்டோபரில் முதல் மூன்று முளைகளைக் காணோம்.

"பாத்துக்கினேதான் இருந்தேன். தொடல," என்றார் அம்சா, கருவாட்டிலிருந்து தலை தூக்காமல்.

நோட்டில் அந்த மூன்று எண்களுக்கு நேரே 'இல்லை' என்று எழுதிவிட்டு, அன்புச்செல்வி நான்காம் முளைக்கு நடந்தாள்.