நர்ஸம்மாவின் நாக்கு

குணசுந்தரி நர்ஸம்மாவின் நாக்கைப் போல ஒரு நாக்கு ஆசியாக் கண்டத்திலேயே கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் வைத்தால் போதும். எந்தக் கிணறு, அதில் எத்தனை வாளி விழுந்து கிடக்கிறது, கடைசியாக மொண்டவள் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தாளா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அவர் கரையோரம் நடந்து வந்தால் வங்காள விரிகுடாவே கொஞ்சம் உப்பைக் குறைத்துக்கொள்ளும். இதில் எது உண்மை, எது புளுகு என்று போகப் போகத் தெரியும்.

நர்ஸம்மா பழவேற்காட்டுக்கு வந்தது எழுபத்தொன்பதாம் வருஷம். சொந்த ஊர் திருப்பாலைவனம். அப்பா நெல் பயிரிடுகிறவர். பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான், ஆனால் தண்ணீர்க் கணக்கில் அது வேறு தேசம். அங்கே கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். இங்கே ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடுவில் எங்கே தோண்டினாலும் கரிக்கும்.

வந்த அன்றைக்கு அப்துல் ஷுக்கூர் வீட்டில் டீ கொடுத்தார்கள். அவர் வலைக்கு நூல் விற்கிறவர். நர்ஸம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"சர்க்கரைக்கு பதிலா உப்பு போட்டுட்டீங்களா?"

வீடே சிரித்தது. "இன்னா நர்ஸம்மா இப்படிச் சொல்லிட்டீங்க. தெருவுலயே எங்க கிணத்துத் தண்ணிதான் தேன்" என்றார் ஷுக்கூர்.

அவர் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அதையே குடித்த நாக்குக்கு அது தேன்தான். நர்ஸம்மாவோ தன் தாயார் மணியம்மாளுக்குச் சொல்லியனுப்பி, வாராவாரம் திங்கட்கிழமை பஸ்ஸில் பத்து லிட்டர் கேனில் ஊர்த் தண்ணீர் வரவழைத்துக்கொண்டார். வாயில் துணி மூடி, சணல் கட்டி, கண்டக்டர் கங்காதரன் அதைக் குழந்தையை இறக்குவதுபோல டீக்கடை பெஞ்சில் இறக்கி வைப்பார். தெருப் பெண்கள் அந்தத் தண்ணீரை ருசி பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். "சப்புன்னு இருக்குது. செத்த தண்ணி" என்று ஒரே தீர்ப்பு.

துணை சுகாதார நிலையத்தில் டாக்டர் வியாழக்கிழமை வருவார். பஸ்ஸும் மழையும் அவரும் ஒத்துப்போனால். மற்ற நாளெல்லாம் நர்ஸம்மாதான் எல்லாம். கெளுத்தி முள் குத்திய காலோடு பொன்னுரங்கம் வந்தால், தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை இறக்குவார். பொன்னுரங்கம் முள்ளுக்குக் கத்தியதைவிட வெந்நீருக்கு அதிகம் கத்தினார். கால் மணி நேரத்தில் வலி விட்டதும் அங்கேயே தூங்கிப்போனார். ஒரு வீட்டில் ஒரு பையன் விரலிடுக்கைச் சொறிந்தால், வீட்டில் இருக்கிற ஒன்பது பேருக்கும் கழுத்திலிருந்து கால் வரை மருந்து பூசிவிட்டுத்தான் கிளம்புவார். ஒரு தடவை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கும் பூசிவிட்டார். கல்யாணம் நடந்தது, சொறி மட்டும் வரவில்லை.

இருமுகிற குழந்தை என்றால் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுவார். நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து எண்ணுவார். விலா உள்ளே குழிந்தால் மறுபேச்சே கிடையாது, பொன்னேரி பஸ்தான். "இது என் கைக்கு அடங்கும், இது அடங்காது. அது தெரியாம மருந்து குடுக்கிறவதான் ஆபத்து" என்பார்.

ஷுக்கூருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அமீனா, கல்யாணமாகியும் அப்பா வீட்டிலேயே இருந்தாள். சின்னவள் ஜைனம்பு, அடக்கமும் அமைதியும் ஒருங்கே அமைந்த நல்ல பெண். எண்பத்துமூன்றில் அவளுக்கு வயசு பன்னிரண்டு. கணக்குப் பரீட்சை அன்றைக்கு அவளுக்கு எப்படியோ காய்ச்சல் வந்துவிட்டது. நர்ஸம்மா தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். இந்தப் பக்கம் ஒரு சூடான டீ டம்ளர் இருந்தது. நர்ஸம்மா திரும்பி வந்து தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நூத்தி எட்டு" என்றார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். "இந்தச் சூட்டுக்கு இவ முந்தாநாளே மவுத்தாகியிருக்கணும். கபுருஸ்தானுக்கு ஆள் அனுப்பியாச்சா, இல்ல நான் போய் சொல்லட்டுமா?"

தெரு ஒரு மாசம் அவளை 'மய்யித்து', அதாவது பிணம், என்றே கூப்பிட்டது. பள்ளிக்கூடத்திலும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு திங்கட்கிழமை நர்ஸம்மா குப்பத்துக்குப் போயிருந்த நேரம். டீக்கடை பெஞ்சில் அவருடைய கேன் தனியாக இருந்தது. யாரோ ஒரு கழுதை, பேர் வேண்டாம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஷுக்கூர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, பழையபடி துணி மூடிக் கட்டி வைத்துவிட்டது. நர்ஸம்மா குடித்துவிட்டு நடுத்தெருவில் துப்ப வேண்டும், தெரு சிரிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

நர்ஸம்மா அன்றைக்குக் குடித்தார். துப்பவில்லை. செவ்வாய்க்கிழமையும் குடித்தார். வீடு வீடாகப் போய் மரியாதைக்காக நாலு வருஷம் குடித்த டீ, ஆசியாவின் நாக்கை அவருக்கே தெரியாமல் மாற்றியிருந்தது. யாரோ ஒரு கழுதைக்கு ஏமாற்றம். பிறகு அது அந்தச் சமாசாரத்தையே மறந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் அமீனாவின் பிள்ளை மக்பூலுக்கு ஆள் வந்தது. எட்டு மாசக் குழந்தை. இரண்டு நாளாக வயிற்றால் போகிறது. நர்ஸம்மா வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடித்த துணி மாதிரி நின்று, மெதுவாகப் படுத்தது. கண் உள்ளே போயிருந்தது.

"கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"

"நேத்து சாயங்காலம்" என்றாள் அமீனா.

"தண்ணி?"

"ஊத்துறதெல்லாம் போயிடுது நர்ஸம்மா. அதான் நிறுத்திட்டேன்."

"போறது போவட்டும். போற அளவுக்கு உள்ள வந்தா புள்ள தாங்குவான். பாலையும் நிறுத்தாத."

கேனை எடுத்துவரச் சொன்னார். ஒரு லிட்டருக்கு எட்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் உப்பு, தலைதட்டி. அவர் படித்த கணக்கு அது, நல்ல தண்ணீருக்கான கணக்கு. அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குத் தெருத் தண்ணீரை நம்பாமல் தன் கேன் தண்ணீரிலேயே கலப்பார். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்பது அடுத்த விதி. ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "சரி" என்றார். ஸ்பூனால் கொடுக்கச் சொல்லிவிட்டு மற்ற வீடுகளுக்குப் போனார்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. குழந்தை மட்டும் தேறவில்லை. ஸ்பூனைக் கவ்விக்கொண்டு குடித்தான், எடுத்தால் கிறீச்சென்று கத்தினான். தொட்டால் தூக்கிவாரிப் போட்டது. மூடிய கை துடித்தது. நர்ஸம்மா மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தோல் இப்போது பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அப்புறமும் இந்தத் தாகம் எதற்கு? உப்பு என்று மனசு சொன்னது. ஸ்பூனை அளந்து பார்த்தார், சரி. கலந்ததை ருசி பார்த்தார், சரி. கேனிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றிக் குடித்தார், அதுவும் சரி. ஒரு டம்ளரை அமீனாவிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாரு. எப்படி இருக்குது?"

அமீனா குடித்தாள். "நல்லாத்தான் இருக்குது நர்ஸம்மா. எங்க வீட்டுத் தண்ணி மாதிரியே இருக்குது."

நாலு வருஷத்தில் இந்தத் தெருவில் ஒருத்தியாவது அந்தக் கேன் தண்ணீரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நர்ஸம்மா கேனைப் பார்த்தார். அவிழ்க்காமல் உருவியதில் கேன் வாயில் அப்படியே தொங்கிய சணலின் முடிச்சை ஒரு நிமிஷம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒரு கழுதை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"புள்ளையத் தூக்கு" என்றார். "உப்புத் தண்ணிய கொட்டு. பால் மட்டும் குடு."

பொன்னேரி பஸ் கிளம்புகிற நேரம். நர்ஸம்மா ஒரு கையில் டம்ளரோடு ஓடிவந்து கங்காதரன் முன்னால் நீட்டினார்.

"குடிங்க."

"இன்னா சிஸ்டர், தீர்த்தமா?" என்று வாயில் ஊற்றியவர் சன்னல் வழியாகத் துப்பினார். "ஏரியில மொண்டதா இது? எவன் குடிப்பான் இத?"

நர்ஸம்மா மிச்சத்தைக் கீழே கவிழ்த்தார். "ஒரு கொழந்த குடிச்சிருக்கு" என்றார். "வண்டி எங்கயும் நிக்கக் கூடாது."

நிற்கவில்லை. திருப்பாலைவனத்தில் கை காட்டியவர்கள் கங்காதரனின் மூன்று தலைமுறையைத் திட்டினார்கள். வழியெல்லாம் அமீனா பால் கொடுத்தாள், நர்ஸம்மா மூச்சை எண்ணினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கு முன்னால் சொன்னார்: "நான் கலந்ததுல உப்பு அதிகமாயிடுச்சு சார். கரிக்கிற தண்ணியில ஒரு ஸ்பூன் போட்டிருக்கேன். இவ்வளவு உள்ள போயிருக்கு." அப்படிச் சொன்னதால்தான் வேளையில் பிடிக்க முடிந்தது என்று டாக்டர் பிறகு ஷுக்கூரிடம் சொன்னார். அவசரப்படாமல், மெதுவாக உப்பை இறக்கினார்கள். ஆறாம் நாள் மக்பூல் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக நர்ஸம்மாவின் கைக்கடிகாரத்தைக் கடித்தான்.

வீட்டு வாசலில் ஷுக்கூர் கேட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

தெரு முழுக்க நின்றது. யாரோவும் நின்றது.

"என் தப்பு பாய்" என்றார் நர்ஸம்மா. "என் நாக்கு மாறிப்போச்சு, எனக்கே தெரியல. உங்க நாக்கையும் நம்பாதீங்க, என் நாக்கையும் நம்பாதீங்க." கேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சில வீடுகள் அதன் பிறகு அவருக்குக் கதவு திறக்கவில்லை. "உப்புக்காரி வரா" என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தை மாதம் வரை அப்படித்தான் இருந்தது. அவர் அந்தக் கதவுகளையும் ஒன்று விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமைகளில் டீக்கடை பெஞ்சில் வரிசையாக டம்ளர் வைப்பார், ஒரு கிணற்றுக்கு ஒன்று. கங்காதரன் வெளியூர் நாக்கோடு ஒவ்வொன்றாகக் கொப்பளித்துத் துப்பி, முகம் போகிற போக்கில் மார்க் போடுவார். மோசமான கிணற்றின் ராட்டினத்தில் நர்ஸம்மா சிவப்புத் துணி கட்டுவார். சிவப்புத் துணி என்றால் அந்தத் தண்ணீரில் பிள்ளைக்கு உப்பே போடக் கூடாது. எழுத்து தெரியாதவளுக்கும் அது தெரியும். ஷுக்கூர் வீட்டுக் கிணற்றுக்குத்தான் முதல் துணி. தேன் கிணற்றுக்கா என்று அவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார், பிறகு துணி நைந்தபோது தானே புதுசு கட்டினார்.

அதன் பிறகு வந்த ஐப்பசிகளில் இந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றால் போயிருக்கிறது. ஒவ்வொரு தாயும் ராட்டினத்தைப் பார்த்துவிட்டுத்தான் உப்பு டப்பாவைத் திறந்தாள். மக்பூலுக்கு இப்போது நாலரை வயசு. எந்நேரமும் கத்துகிறான், எல்லாவற்றையும் உடைக்கிறான். அவன் சித்தி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை கூட அவனை அடித்ததில்லை.

நர்ஸம்மாவுக்கு இந்த எண்பத்தேழில் சுண்ணாம்புக்குளத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. வழியனுப்பு விழாவில் வாசிக்க அவரைப் பற்றி ஏதாவது எழுதச் சொன்னார்கள். எட்டாவதோடு படிப்புக்கு சலாம் போட்ட ஜைனம்புவுக்குக் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும் என்று அவள் தலையில் கட்டினார்கள். எழுதி முடித்து, பிழை திருத்தச் சொல்லி நர்ஸம்மாவிடமே கொண்டுபோனாள்.

நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆசியாக் கண்டத்தில் சிரித்தார். மாப்பிள்ளையிடம் சிரித்தார். 'அடக்கமும் அமைதியும்' வந்ததும் நிறுத்தி, எதிரே இருந்தவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். 'யாரோ ஒரு கழுதை' வந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு பிழை இருக்குது."

"எங்க நர்ஸம்மா?"

"எங்கம்மா வைக்கோல் கட்டுற மாதிரி சுருக்குதான் போடுவாங்க. அன்னிக்கு கேன்ல இருந்தது வலை முடிச்சு. அதுவும் இடப்பக்கமா சுத்தின முடிச்சு. இந்தத் தெருவுல அப்படி முடிச்சு போடறவ ஒருத்திதான்." பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "பேனாவ எந்தக் கையில புடிச்சிருக்க, பாரு."

ஜைனம்பு பேனாவைச் சட்டென்று வலது கைக்கு மாற்றினாள்.

"அந்தக் கையாலயே எழுது" என்றார் நர்ஸம்மா. "'யாரோ'வ அடிச்சிட்டு பேர எழுது. கோணலா வந்தாலும் பரவாயில்ல, நான் படிச்சிக்கிறேன்."