ஆளில்லை என்று காட்டிய இருக்கை

என் கையிலிருந்த ஸ்கேனர், காரின் முன்னிருக்கை காலி என்று காட்டியது. அந்த இருக்கையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாளையம்பட்டியில் மெயின் ரோட்டை ஒட்டிய என் கார் ஒர்க்‌ஷாப்பில், வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு முற்பகல் அது. "கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருக்கா. இப்பப் பின்னால" என்று நான் சொல்லச் சொல்ல, அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்தவளைப் போலப் பணிவாக அசைந்தாள். வலப்பக்கம் சாய்ந்தபோது மட்டும் ஆள் இருப்பதாகக் காட்டிய கருவி, நேராக உட்கார்ந்ததும் மறுபடி காலி என்றது.

அக்காவை மணந்த மச்சானுக்குத் திருச்சுழியில் மாட்டுத்தீவனக் கடை. கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்த பெரிய வெளிநாட்டுக் காரை வாங்கியதிலிருந்து அவருடைய நடையே மாறிப்போயிருந்தது. அந்தக் காரின் முன்னிருக்கை மெத்தைக்குள் மெல்லிய விரிப்பைப் போல ஒரு சென்சார் உண்டு. எடையை வைத்து ஆள் இருப்பதை அது உணரும். ஆள் இருந்தால் பெல்ட் போடச் சொல்லிச் சத்தம் வரும். எதிலாவது மோதினால் அந்தப் பக்கத்து ஏர்பேக் விரியும். ஆள் இல்லை என்று நினைத்துவிட்டால் விரியாது. மச்சானுக்கு இருந்த குறை அந்தச் சத்தம் ஒன்றுதான். அவர் தனியாகப் போகும்போதும், குழியில் ஏறி இறங்கினால் கத்துகிறதாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்து, இருக்கைக்கு அடியிலிருந்த சாக்கெட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். வயர்களை மீட்டர் வைத்துப் பார்த்தேன், எதுவும் அறுந்திருக்கவில்லை. இருக்கையின் உறையை நீக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. சென்சார் விரிப்பு நடுவில் மடிந்து வெடித்திருந்தது. தீவன மூட்டைகளை முன்னிருக்கையில் போட்டு ஏற்றிப்போனதால் வந்த வினை. மதுரையில் சொல்லிப் புதிதாக வரவழைக்க வேண்டும், மாட்டியபின், காலி இருக்கையின் எடை எவ்வளவு என்று அதற்குப் புதிதாகப் பழக்க வேண்டும் என்றேன்.

"அதுவரைக்கும் அக்காவப் பின்னால உக்கார வைங்க மச்சான். முட்டுச்சுன்னா இந்தப் பக்கம் பேக் விரியாது."

"முட்டுனாத்தான மாப்ள" என்று சிரித்தார். "நீ சத்தத்த மட்டும் நிறுத்து, போதும்."

மாட்டேன் என்றேன். அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி நல்லதுக்குத்தான சொல்றான்" என்றாள் மெதுவாக. "ஒனக்கு என்ன தெரியும், ஏறு" என்றார் மச்சான். ஏறினாள். முன்னிருக்கையிலேயே ஏறினாள்.

அடுத்த மாதம், நரிக்குடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், ஆட்டுமந்தை குறுக்கே வர, கார் புளியமரத்தில் மோதியது. மச்சானுக்கு முன்னால் ஏர்பேக் விரிந்தது. நெஞ்சில் ஒரு கன்றலோடு தப்பினார். அக்காவின் பக்கம் விரியவில்லை. பெல்ட் போட்டிருந்ததால் உயிர் மிஞ்சியது. தாடை உடைந்தது. இடது கண் போயிற்று.

மதுரை ஆஸ்பத்திரியில், பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் மச்சான், "மாப்ளகிட்டதான் காரக் காட்டுனேன். என்னத்தச் செஞ்சு வச்சானோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு படியேறி வந்த என் காதில் விழும்படியே சொன்னார்.

மறுநாள், நொறுங்கிய காரை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் சென்சார் வயரை யாரோ வெட்டி, இருக்கை எப்போதும் காலி என்றே சொல்லும்படி ஒரு சின்ன உருப்படியைச் செருகி டேப் சுற்றியிருந்தார்கள். ஏர்பேக் வேலை செய்யாது என்று எச்சரிக்கும் விளக்கின் மேலும் கறுப்பு டேப். என்னிடமிருந்து கிளம்பிப் போய், மச்சான் வேறு எங்கோ சத்தத்தை நிறுத்தியிருந்தார்.

சொந்தக்காரர்களிடம் சொன்னேன். "அத நீயே செய்யலன்னு யாருக்குத் தெரியும்?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். மச்சானை விட்டால், பதில் தெரிந்தவள் அக்கா ஒருத்தி. அவள் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நான் காத்திருந்தேன். அவள் வாய் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு குழந்தையைப் போல நம்பிக் காத்திருந்தேன்.

அவள் தேறி வீட்டுக்கு வந்தபின், எல்லார் முன்னாலும் பெரியப்பா அந்தக் கேள்வியைப் போட்டார். "நீயே சொல்லும்மா. கார யாரு பாத்தது?"

அக்கா மச்சானைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "தம்பிதான் பாத்தான்" என்றாள்.

அதில் பொய் இல்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. அன்றோடு சொந்தக்காரர்களின் வண்டிகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவது நின்றது. விசேஷ வீடுகளில் என் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கப் பழகிவிட்டது. அம்மாகூட, "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுருடா" என்றாள். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அக்காவின் கண்ணை நினைத்தால் மனம் உருகும். அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் அப்படியே இறுகும். இன்றுவரை இரண்டும் மாறி மாறி நடக்கிறது.

போன மாதம் அக்கா பஸ் ஏறித் தனியாக வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சத்தத்த நிறுத்துன கடைக்கு நானுந்தானடா கூடப் போனேன்" என்றாள்.

"அத அன்னைக்குச் சொல்லிருக்கலாம்லக்கா?"

"சொல்லிட்டு எந்த வீட்டுக்குப் போக? நீ தாங்கிக்கிருவ. அவுக தாங்க மாட்டாக."

"அம்மாகிட்டயாவது சொல்லுக்கா. அம்மா ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும்."

நான் வாங்கி வைத்திருந்த டீயை அவள் குடித்து முடித்தாள். "பஸ்ஸு வந்துரும், வாரேன்" என்று எழுந்துகொண்டாள்.

அன்று மாலை அம்மா போன் செய்தாள். அவள் குரலில் அப்படியொரு தெளிச்சியைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "அக்கா வந்திருந்தாளாம்ல. நீ அவ கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டியாமே. மச்சான்கிட்டப் போய்ச் சொல்லிருக்கா. இனிமே பழசப் பேச வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. இப்பத்தான்டா எனக்கு உசுரு வந்துச்சு" என்றாள். சற்று நிறுத்தி, "கேட்டதானடா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.